மேப்பிள் மரத்தில் மைட்: ரொறன்ரோப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ பிரம்ப்டனிலோ வீடு வாங்கினால் முன்வாசலில் ஒரு மேப்பிள் கூடவே வருவது வழமை. தெருவோரத்தில் வெள்ளி மேப்பிளோ நோர்வே மேப்பிளோ நிற்கும். ஆசைப்பட்டு வாங்கி வைத்தது என்றால் பெரும்பாலும் சிவப்பு இலை யப்பானிய மேப்பிளாக இருக்கும். மே மாதத்தில் இலையில் கொப்புளம், யூலையில் இலை வெளிறல் என்று கேள்விகள் வர ஆரம்பிக்கும். இரண்டுக்கும் "மைட்" (சிலந்தி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்) என்ற ஒரே பெயரைச் சொல்லி, ஒரே மருந்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு உயிரினங்கள், செய்யவேண்டியதும் வேறு. கீழே உள்ள பதில்களில் பாதி, ஒன்றுமே செய்யவேண்டாம் என்பதற்கான விளக்கம்தான்.

இலையின் மேல் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். மரம் செத்துப்போகுமா?

சாகாது. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு மரத்தையே வெட்டலாமா என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளி மேப்பிள், சிவப்பு மேப்பிள், இவை இரண்டும் கலந்த 'ஓட்டம் பிளேஸ்' போன்ற ஃப்ரீமன் மேப்பிள்கள் ஆகியவற்றில் வருவது இந்தக் கொப்புளம். குண்டூசித் தலை அளவில் உருண்டையாக, முதலில் பச்சையாக, பிறகு இளஞ்சிவப்பாகி, கோடை போகப்போகக் கறுப்பாகும். உண்டாக்குவது வாசாட்டெஸ் குவாட்ரிபெடெஸ் என்ற மைட். சர்க்கரை மேப்பிளில் இதற்கு நெருங்கிய உறவான இன்னொன்று மெல்லிய, நிமிர்ந்த முள் மாதிரியான முடிச்சுகளை உண்டாக்கும். இவை எல்லாம் ஈரியோபைட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, புழு மாதிரி உடம்பு, எட்டுக் கால் அல்ல, நாலே கால். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருந்தால் ஆச்சரியமில்லை. 1990களின் பிற்பகுதியில் கேரளா, தமிழ்நாடு, இலங்கை என்று தென்னந்தோப்புகளைப் பிடித்து, தேங்காயின் மேல் பழுப்புத் தழும்பு விழ வைத்து, காயைச் சிறுக்க வைத்த 'ஈரியோபைட் சிலந்தி' இதே குடும்பம்தான். அந்த நினைவில்தான் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஆனால் தென்னையில் அது காயையே தாக்கியது, விளைச்சலைத் தின்றது. மேப்பிளில் இது இலையில் ஒரு சின்ன அறை கட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். குளிர்காலம் முழுக்க மைட்டுகள் பட்டையின் வெடிப்புகளிலும் மொட்டுச் செதில்களின் அடியிலும் ஒளிந்திருக்கும். வசந்தத்தில் மொட்டு விரியும்போது இளம் இலைக்கு ஏறி உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்த எரிச்சலுக்கு இலை தன் சொந்தத் திசுவை வீங்கவைத்து ஒரு பை கட்டுகிறது. மைட் அதற்குள் இருந்து முட்டையிடும். பையின் வாய் இலையின் அடிப்பக்கம் திறந்திருக்கும். இலை முற்றிய பிறகு அதில் புதுக் கொப்புளம் உண்டாகாது. ஆகவே யூனில் நீங்கள் பார்ப்பது மே மாதத்தில் நடந்து முடிந்த காரியம். அப்போது என்ன மருந்து அடித்தாலும் இருக்கும் கொப்புளம் மறையாது. உள்ளே இருக்கும் மைட்டிலும் மருந்து படாது.

போன வருடம் ஒன்றும் இல்லை. இந்த வருடம் ஏன் இவ்வளவு?

வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குவது இதன் இயல்பு. மொட்டு விரியும் நாட்களின் வெப்பநிலை, குளிர்காலத்தில் எத்தனை மைட் தப்பியது, அவற்றைத் தின்னும் எதிரிகள் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒரு வருடம் மரம் முழுக்க வந்து, அடுத்த வருடம் தேடிப் பார்க்கவேண்டியிருக்கும். இதனால்தான் "இந்த மருந்து அடித்தேன், அடுத்த வருடம் வரவே இல்லை" என்ற சாட்சியங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடிமரத்துக்கும் பெரிய கிளைகளுக்கும் அருகில் உள்ள இலைகளில் கொப்புளம் கூடுதலாக இருப்பதைக் கவனிக்கலாம். மைட் உறங்கிய பட்டையிலிருந்து அந்த இலைகள்தான் கிட்ட.

கொப்புளம் வந்த இலைகளைப் பிடுங்கிவிடலாமா?

சின்ன மரத்தில் நாலு இலை கண்ணை உறுத்தினால் பிடுங்குங்கள். மற்றபடி வேண்டாம். கொப்புளம் இருந்தாலும் அந்த இலை உணவு தயாரிக்கிறது. விழுந்த இலைகளைக் கொம்போஸ்ட்டில் போடலாம், பயமில்லை. மைட் இலையில் குளிர்காலத்தைக் கழிப்பதில்லை.

கொப்புளம் இல்லை, சிவப்பு வெல்வெட் துணி ஒட்டின மாதிரி இருக்கிறது.

அதுவும் ஈரியோபைட் வேலைதான். இலையின் மேல்தோல் மயிர்களை அளவுக்கு மீறி வளரவைத்து அதற்குள் வாழ்கிற இனங்கள் உண்டு. சில மேப்பிள்களில் இலையின் மேற்பக்கம், சிலவற்றில் அடிப்பக்கம். பூஞ்சணம் என்று நினைத்துப் பூஞ்சணக்கொல்லி வாங்குகிறார்கள். காசு வீண். உண்மையைச் சொன்னால் வெயில் படும்போது பார்க்க அழகாகக்கூட இருக்கும்.

அப்படியானால் எந்த மைட்டுக்குத்தான் கவலைப்பட வேண்டும்?

சிலந்திப்பேனுக்கு. இது கொப்புளம் உண்டாக்காது. இலையின் அடியில் இருந்துகொண்டு ஒவ்வொரு செல்லாகக் குத்தி உறிஞ்சும். குத்திய இடமெல்லாம் பச்சையம் போய், ஊசியால் குத்தின மாதிரி நுண்ணிய வெளிர் புள்ளிகள் விழும். புள்ளிகள் சேர்ந்து இலை மங்கலாகி, வெண்கல நிறமாகி, ஓரம் காய்ந்து, கடைசியில் கொட்டும். கூட்டம் பெருத்தால் இலைக்காம்பிலும் நரம்பு பிரியும் இடத்திலும் மெல்லிய வலை தெரியும்.

மேப்பிளில் முக்கியமாக இரண்டு இனம். ஒன்று இரட்டைப் புள்ளிச் சிலந்திப்பேன், டெட்ரானிக்கஸ் ஊர்டிகே. தக்காளி, கத்தரி, ரோசா, வீட்டுக்குள் வைக்கிற செடி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தின்னும். இதன் மரபணுத்தொகுதி முழுவதையும் 2011இல் வெளியிட்ட பன்னாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இங்கே ஒன்ராறியோவில், லண்டன் நகரத்து வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மியோட்ராக் கிர்பிச். இத்தனை செடிகளின் நஞ்சையும் இத்தனை பூச்சிமருந்துகளையும் இந்தச் சிறு உயிர் எப்படித் தாங்குகிறது என்பதுதான் அந்த ஆய்வைப் பலரும் கவனிக்கக் காரணம். 90க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு உலகில் எங்கோ ஓரிடத்தில் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்ட பிராணி இது.

மற்றது மேப்பிள் சிலந்திப்பேன், ஒலிகோனிக்கஸ் ஏசெரிஸ். சிவப்பு மேப்பிளிலும் ஃப்ரீமன் மேப்பிளிலும், முக்கியமாக நாற்றுப்பண்ணைகளில், தொல்லை. இது பட்டையின் மேல் சிவப்பு முட்டைகளாகக் குளிரைக் கழிக்கும். ஆகவே இலை விரிந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். இரட்டைப் புள்ளிக்காரன் அப்படி இல்லை. கருவுற்ற பெண்கள் ஆரஞ்சு நிறமாகி, சருகுக்குள்ளும் பட்டைக்கடியிலும் உறங்கி, வெயில் ஏறிய பிறகுதான் பெருகும்.

பெருகும் வேகம்தான் பயங்கரம். 27–30 பாகை செல்சியஸ் வெயிலில் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிடும் தாயாகிவிடும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும் என்பதால், ஒரேயொரு பெண் வந்து விழுந்தாலும் ஒரு குடும்பம் தொடங்கிவிடும். யூன் கடைசியில் ஒன்றும் தெரியாத மரம் யூலை நடுவில் வெளிறிப்போய் நிற்பது இதனால்தான்.

மைட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு வெள்ளைக் கடதாசி போதும். சந்தேகமான கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, கிளையை நாலைந்து தடவை தட்டுங்கள். சில விநாடி பொறுங்கள். தூசி கிடந்த இடத்தில் கிடக்கும். மைட் என்றால் அந்தப் புள்ளி நடக்கும். அரை மில்லிமீற்றர் இருக்கும், அதனால் கண்ணுக்கே தெரியும், கண்ணாடி போடுகிற வயதென்றால் 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸில் பார்த்தால் எட்டுக் கால் தெரியும். இரட்டைப் புள்ளியில் வெளிர் மஞ்சள் உடம்பின் இரு பக்கமும் கரும்பொட்டு.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கடதாசியில் நடக்கும் எல்லாமே எதிரி அல்ல. மெதுவாக ஊர்வது பெரும்பாலும் செடி தின்னி. விறுவிறுவென்று ஓடுவது, பேரிக்காய் வடிவில் மினுமினுப்பாக இருப்பது வேட்டை மைட், அதாவது சிலந்திப்பேனைத் தின்னி. விரலால் கடதாசியில் தேய்த்தால் செடி தின்னி பச்சைக் கோடு விடும். வேட்டை மைட் மஞ்சளாகவோ செம்மையாகவோ விடும். முழுக்க நம்பக்கூடிய சோதனை அல்ல, ஆனால் உதவும். ஓடுகிறவை கணிசமாக இருந்தால் மருந்தை எடுக்காதீர்கள், ஒரு வாரம் பொறுத்துத் திரும்பத் தட்டிப் பாருங்கள்.

கீழ்க்கிளை, உள்பக்கக் கிளை, சுவரை ஒட்டிய பக்கம் என்று மூன்று நாலு இடத்தில் தட்டுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைத் தோலுரிகளும் உருண்டை முட்டைகளும் அங்கேதான்.

ஈரியோபைட்டை இப்படிப் பிடிக்க முடியாது. 20 மடங்கு லென்ஸிலும் கண் நோகும். ஆனால் அதற்குத் தேவையும் இல்லை, கொப்புளமே அடையாள அட்டை.

தட்டினால் ஒன்றும் விழவில்லை. ஆனால் இலை சரியில்லை. வேறு என்ன?

யூலை, ஆகஸ்டில் வரும் புகார்களில் மைட் அல்லாதது நிறையவே.

இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்ந்து, நடுப்பகுதி நல்ல நிறமாக இருந்தால் வெயில் கருகல் அல்லது தண்ணீர்க் குறை. யப்பானிய மேப்பிளில் இதுதான் ஆக அதிகம். மைட்டில் ஓரம் காய்வதற்கு முன்பே இலை முழுக்கப் புள்ளி விழுந்திருக்கும்.

புள்ளிகள் பெரிதாக, பரும்படியாக இருந்து, கிளையை அசைத்ததும் ஏதோ பச்சையாகத் தத்திப் பறந்தால் தத்துப்பூச்சி. நுனி இலைகள் சுருண்டு கருகுவதும் அதன் வேலையாக இருக்கலாம். வலை இருக்காது.

கீழே நிறுத்தின கார்க்கண்ணாடியும் இலையும் பிசுபிசுவென்று ஒட்டினால் அசுவினி அல்லது செதில்பூச்சி. மைட் ஒருபோதும் பிசின் கொட்டாது. நோர்வே மேப்பிளுக்குக் கீழே கார் விடுகிறவர்களுக்கு இது தெரிந்த கதை.

நோர்வே மேப்பிளில் தார் சொட்டின மாதிரிப் பெரிய கறுப்பு வட்டம் என்றால் தார்ப்புள்ளி நோய். பூஞ்சணம். ரொறன்ரோவில் ஓகஸ்ட் மாதம் எந்தத் தெருவில் போனாலும் பார்க்கலாம். அசிங்கம்தான், ஆபத்தில்லை. விழுந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்தினால் அடுத்த வருடம் குறையும்.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் சத்துக்குறை. சுண்ணாம்புத்தன்மை உள்ள மண்ணில் சிவப்பு மேப்பிளுக்கும் ஃப்ரீமனுக்கும் மங்கனீசு கிடைப்பதில்லை.

ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடி, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் வேர்ட்டிசிலியம் வாடல் நோயா என்று பார்க்கவேண்டும். கிளையைச் சாய்வாக வெட்டினால் உள்ளே கரும்பச்சை அல்லது பழுப்புக் கோடு ஓடும். இது மைட்டைவிட எவ்வளவோ பாரதூரமானது.

இன்னொன்று, சிரிக்கக்கூடாது: 'உக்கிகுமோ' என்ற யப்பானிய வகையின் இலையே வெள்ளைப் புள்ளி தெளித்த மாதிரித்தான் இருக்கும். அதற்காகத்தான் அதிக விலை. வீட்டோடு சேர்ந்து அந்த மரமும் வந்தவர்கள், நோய் என்று நினைத்து வைத்தியம் பார்க்க வெளிக்கிடுவதுண்டு. 'பிளட்குட்' வகை கடும் வெயிலில் சிவப்பு மங்கிப் பச்சை கலந்து போவதும் இயல்பே. தட்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பக்கத்து வீட்டு அண்ணையின் மேப்பிள் நன்றாக இருக்கிறது. எங்களுடையதில் மட்டும் ஏன்?

மரம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். தெற்கோ மேற்கோ பார்த்த செங்கற்சுவர், கறுப்புத் தார் டிரைவ்வே, வெள்ளைக் கல் பரப்பிய பாத்தி: இவை எல்லாம் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும். யப்பானிய மேப்பிள் காலை வெயிலும் பின்னேர நிழலும் கேட்கிற மரம். வெப்பமும் வறட்சியும் தூசியும் சேர்ந்தால் சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். தூசி வேட்டை மைட்டுகளுக்குத் தொந்தரவு, வெப்பம் சிலந்திப்பேனின் தலைமுறையைச் சுருக்குகிறது.

இரண்டாவது காரணம் உரம். புல்தரைக்குப் போடும் நைதரசன் உரம் மர வேருக்கும் போகிறது. நைதரசன் கூடிய மென்மையான இலையில் சிலந்திப்பேன் கூடுதலாக முட்டையிடும். மரம் வாடுகிறதே என்று இரக்கப்பட்டு யூலையில் உரம் போடுவது நிலைமையைக் கெடுக்கும்.

சரி, சிலந்திப்பேன்தான். முதலில் என்ன செய்வது?

தண்ணீர். கேட்டவுடன் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் ஆள் உயர யப்பானிய மேப்பிளுக்கு இதைவிட நல்ல முதல் மருந்து இல்லை. தோட்டக் குழாயில் விசையாகப் பீச்சும் முனையை மாட்டி, கீழே குனிந்து, இலையின் அடிப்பக்கத்தைக் குறிவைத்து மேல்நோக்கி அடியுங்கள். மேலிருந்து தெளித்தால் இலையின் முதுகு நனையும், பேன் சுகமாக இருக்கும். காலையில் செய்யுங்கள், இலை பகலில் காய்ந்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். வலை அறும், முட்டையும் குஞ்சும் அடித்துக்கொண்டு போகும், தூசியும் போகும். கீழே விழுந்த பேன் பலவற்றால் திரும்பி ஏற முடியாது.

குடை கவிழ்த்த மாதிரித் தொங்கும் 'கிரிம்சன் குயின்', 'டமுக்கேயாமா' போன்ற சரிகை இலை வகைகளில் இது லேசான வேலை அல்ல. கிளைகளை ஒரு கையால் தூக்கிப் பிடித்து உள்ளே குழாயை விடவேண்டும். உள்ளே செத்துக் கிடக்கும் சுள்ளிகளை முதலில் எடுத்துவிட்டால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகும்.

அப்புறம் வேருக்குத் தண்ணீர். தினமும் கொஞ்சம் தெளிக்காமல், மழை இல்லாத வாரத்தில் ஒன்றிரண்டு தடவை ஆழமாக, மெதுவாக விடுங்கள். வேர்ப்பரப்பின் மேல் 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மரத்தூள் மூடாக்கு. தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும். தண்டைச் சுற்றி மண்மேடு மாதிரிக் குவிக்கும் பழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்களோ, அது பட்டையை அழுக வைக்கும்.

தண்ணீரில் அடங்கவில்லை. சோப்பு, எண்ணெய்?

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக அடிக்கும் பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவை தடை. பூச்சிக்கொல்லி சோப்பும் தோட்ட எண்ணெயும் தடைக்கு வெளியே. ஆகவே கடை அலமாரியில் மைட்டுக்கு என்று உங்கள் கைக்கு எட்டுவது ஏறத்தாழ இவைதான். போதும், சரியாக அடித்தால்.

இரண்டும் தொட்டால் கொல்லும், படாததைக் கொல்லாது. இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையவேண்டும். காய்ந்த பிறகு சோப்புக்கு வேலை இல்லை, முட்டைக்கும் அதிகம் ஒன்றும் செய்யாது. எனவே 5–7 நாள் இடைவெளியில் திரும்ப அடிக்கவேண்டும். ஒரு தடவை அடித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள், முட்டை பொரித்து வந்த அடுத்த கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இனி எச்சரிக்கை. யப்பானிய மேப்பிள் சோப்புக்கும் எண்ணெய்க்கும் சீக்கிரம் கருகும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. சிவப்பு மேப்பிளும் சர்க்கரை மேப்பிளும் எண்ணெயைப் பொறுக்காதவை. போத்தலின் பின்பக்கச் சிறிய எழுத்தில் இது இருக்கும். ஆகவே யப்பானிய மேப்பிளில் எண்ணெயைக் கோடையில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. சோப்பு அடிப்பதானால் ஒரு சிறு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். இலை கருகாவிட்டால் மற்றதற்கு. வெயில் 30 பாகை தாண்டும் நாளில், நண்பகலில், மரம் வாடி நிற்கும்போது எதையும் அடிக்காதீர்கள். கந்தகம் அடித்த மரத்துக்குச் சில வாரங்களுக்குள் எண்ணெய் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை எரியும்.

பாத்திரம் கழுவும் சோப்பைக் கலக்கி அடிப்பது பழைய கைவைத்தியம். அது கொழுப்பை அகற்றுவதற்குச் செய்தது. இலையின் மேல் உள்ள மெழுகையும் அகற்றும். கத்தரிச்செடி தாங்கலாம். நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிய மேப்பிளில் பரிசோதனை வேண்டாம்.

வேப்பெண்ணெய்? ஊரில் எல்லாத்துக்கும் அதுதானே.

வேம்பின் சக்தியில் சந்தேகமில்லை. வேப்பம் விதையிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின், ஆஷ் (ash) மரத்தைத் துளைக்கும் மரகத வண்டுக்கு எதிராகக் கனடாவில் மரத்துக்குள் ஊசியாகவே ஏற்றப்படுகிறது. ஆனால் அது பதிவு பெற்ற மருந்து, பயிற்சி பெற்றவர் கையில். கடையில் 'இலை மினுக்கி' என்று ஒட்டிய வேப்பெண்ணெய்ப் போத்தல் பூச்சிமருந்தாக விற்கப்படுவதல்ல. இங்கே பூச்சிமருந்து என்றால் லேபிளில் பூச்சிமருந்துச் சட்டத்தின் (பி.சி.பி.) பதிவு எண் இருக்கவேண்டும். அந்த எண் இல்லாத போத்தலை, அது தமிழ்க் கடையிலிருந்து வந்த சமையலறை எண்ணெயாகவே இருந்தாலும், மரத்தில் அடிக்காதீர்கள். அதுவும் எண்ணெய்தான். மேலே சொன்ன கருகல் ஆபத்து இதற்கும் உண்டு.

வேறு இடத்திலிருந்து வந்த பூச்சிமருந்து அடித்தோம். இரண்டு வாரத்தில் பேன் இரட்டிப்பாகிவிட்டது!

எதிர்பார்க்கக்கூடியதுதான். மைட் பூச்சி அல்ல, சிலந்தி இனம். பல பூச்சிக்கொல்லிகள் அதைக் கொல்வதில்லை. கொல்வது அதைத் தின்னும் வேட்டை மைட்டுகளையும் சின்ன வண்டுகளையும். கார்பரில், பெர்மெத்ரின் போன்றவற்றுக்குப் பிறகு சிலந்திப்பேன் வெடித்துக் கிளம்புவது வயலிலும் தோப்பிலும் பல காலமாகத் தெரிந்த சங்கதி.

இமிடாகுளோபிரிட் இன்னும் சுவாரசியம். வேரில் ஊற்றினால் மரம் முழுக்க ஏறும் மருந்து. நியூயோர்க்கில் ஆசிய நீள்கொம்பு வண்டைத் தடுக்க இதைப் பெருவாரியாகப் பயன்படுத்தினார்கள். அப்போது சென்ட்ரல் பூங்காவின் எல்ம் மரங்களில் சிலந்திப்பேன் பெருகியது. 2011இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது: மருந்தேறிய இரையைத் தின்ற எதிரிகள் நஞ்சுப்பட்டன, அது ஒரு பாதி. மறு பாதி, மருந்தேறிய இலையைத் தின்ற சிலந்திப்பேன் முன்னைவிடக் கூடுதலாக முட்டையிட்டது. எதிரியை நீக்கியதோடு விருந்தும் வைத்த கணக்கு.

இப்போது செய்யவேண்டியது, மருந்தை நிறுத்தித் தண்ணீர் அடிக்கத் திரும்புவது. எதிரிகள் மீண்டு வரச் சில வாரம் பிடிக்கும்.

வேட்டை மைட்டை விலைக்கு வாங்கி விடலாமா?

விடலாம், கனடாவில் தபாலில் வருகிறது. வெளியில் நிற்கும் மரத்துக்கு நியோசெயுலஸ் ஃபல்லாசிஸ், நியோசெயுலஸ் கலிஃபோர்னிகஸ் ஏற்றவை. ஃபைட்டோசெயுலஸ் பெர்சிமிலிஸ் பெருந்தீனிக்காரன், ஆனால் ஈரப்பதம் வேண்டும், கடும் வெயிலில் சோர்ந்துவிடும், சிலந்திப்பேன் தீர்ந்தால் பட்டினியில் சாகும். கண்டுபிடித்தவுடன், பேன் குறைவாக இருக்கும்போதே விடவேண்டும். வலை கட்டி இலை கொட்டும் நிலையில் விட்டால் காசுதான் போகும். முதலில் தண்ணீரால் எண்ணிக்கையைக் குறைத்து, பின்னேரத்தில் இலைகளின் மேல் தூவுங்கள். அதற்குப் பிறகு சோப்பு அடிக்கக்கூடாது.

ஒரு பெட்டி பொறிவண்டு வாங்கி விடுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மறுநாள் பக்கத்து வளவில் இருக்கும். மைட்டையே தேடித் தின்னும் ஸ்டெத்தோரஸ் என்ற கறுப்புப் பொறிவண்டு ஒன்றரை மில்லிமீற்றர்தான் இருக்கும். அது தானாக வரும். கறுப்புப் புள்ளி ஒன்று இலையின் அடியில் அலைந்தால் நசுக்கிவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் ஏதாவது செய்து முன்கூட்டியே தடுக்கலாமா?

பட்டையில் உறங்கும் முட்டைக்கும் ஈரியோபைட்டுக்கும் மொட்டு விரிவதற்குச் சற்று முன், ஏப்ரலில், உறைபனி இல்லாத நாளில் தோட்ட எண்ணெய் அடிக்கும் வழக்கம் உண்டு. மேப்பிள் சிலந்திப்பேன் வருடா வருடம் வருகிற மரத்துக்கு அர்த்தம் இருக்கிறது. கொப்புளத்துக்கு மட்டும் என்றால் தேவையற்ற சிரமம். இரண்டு மாடி உயர வெள்ளி மேப்பிளின் ஒவ்வொரு வெடிப்பையும் நனைக்க யாரால் முடியும்? மறுபடியும் சொல்கிறேன், லேபிளில் உங்கள் மேப்பிள் வகையின் பெயர் விலக்கில் இருந்தால் அடிக்காதீர்கள்.

இந்த மைட் மனிதரைக் கடிக்குமா? யன்னலில் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றன.

மேப்பிள் மைட் எதுவும் கடிக்காது. யன்னலோரச் சிவப்புப் புள்ளி பெரும்பாலும் குளோவர் மைட், வசந்தத்தில் புல்தரையிலிருந்து சுவரேறி வருவது. அதுவும் கடிக்காது. நசுக்கினால் சிவப்புக் கறை படியும், வக்கூமால் உறிஞ்சி எடுங்கள்.

முன்வாசல் மரம் நகரசபையுடையதாம். நாங்கள் மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். ரொறன்ரோவில் தெருவோர நிலத்தில் நிற்கும் மரம் நகரத்தின் சொத்து. கவலை இருந்தால் 311ஐ அழைத்துச் சொல்லுங்கள். கொப்புளத்துக்காக அவர்கள் வந்து ஒன்றும் செய்யமாட்டார்கள், அது சரியான முடிவும்கூட. உங்கள் சொந்த வளவு மரமானாலும் தண்டு 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ என்றால் வெட்ட அனுமதி வேண்டும். "மைட் பிடித்துவிட்டது" என்பது அனுமதிக்குக் காரணமாகாது.

இலை பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. இனிப் பிழைக்குமா?

நகத்தால் சுள்ளியின் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. நிலைபெற்று நிற்கும் மரம் ஒரு கோடை இலையிழப்பைத் தாங்கும். யூலை முடிவதற்குள் கொட்டினால் புதுத் தளிர் விடும். அந்தத் தளிரில்தான் மிஞ்சிய பேன் போய் உட்காரும், வாரம் ஒருமுறை கடதாசித் தட்டல் செய்யுங்கள். உரம் போட்டுத் தளிரைத் தூண்டாதீர்கள். செப்டெம்பரில் வரும் இளங்கிளை முற்றாமல் முதல் உறைபனியில் கருகும். இலையுதிர்காலம் முழுக்க மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் விட்டு, நிலம் உறையும் முன் வேர் நனைந்திருக்கப் பாருங்கள். வெட்ட அவசரப்படாதீர்கள். எந்தக் கிளை செத்தது என்று அடுத்த மே மாதம் மொட்டு விரியும்போதுதான் நிச்சயமாகத் தெரியும்.

இரண்டு கோடை தொடர்ந்து இப்படி நடந்தாலோ, நட்டு இரண்டு வருடம்கூட ஆகாத மரமானாலோ, பதிவு பெற்ற மர வல்லுநர் ஒருவரைக் கூப்பிடுங்கள். வந்தவர் லென்ஸை எடுக்காமல், கிளையைத் தட்டிப் பார்க்காமல், எடுத்தவுடனே ஸ்பிரே விலை சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.